காதல் இல்லாமல் போனதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது?

காவிரிக்கரை (கேள்வி):
எங்களுடையது காதல் திருமணம். சாதி வேறு என்பதால் இரு வீட்டாரோடும் போராடி, சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவு செய்துகொண்டோம். கணவர் மீது ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அவர் மீது எனக்கு இருந்த காதல் சில ஆண்டுகளாகவே இல்லை. வேறு எவரும் என் மனதில் இல்லை. தனியாக மனநல ஆலோசகரிடம் பேசிப் பார்த்த பிறகும் அது திரும்பவில்லை. இப்போது அவர் குழந்தை பெற்றுக்கொள்வதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பதால், இனியும் தள்ளிப்போட எனக்கு மனம் ஒப்பவில்லை. சண்டை போட்டு அவரே விலகும்படி செய்துவிடு என்கிறாள் தோழி. கொடுமை என்று ஏதாவது எழுதினால்தான் வழக்கு நிற்கும் என்கிறார் ஒரு வழக்கறிஞர். இரண்டுக்கும் எனக்குச் சம்மதமில்லை. என்ன செய்யலாம்?

தெற்குவாசல்:
நான் உங்கள் கணவரின் இடத்தில் இருந்தவன். பிரிவதாக என் மனைவி சொன்ன நாளைவிட, என்ன நடந்தது என்று நான் கேட்கும்போதெல்லாம் "ஒன்றுமில்லை" என்று பதில் வந்த மாதங்களே என்னை அதிகம் உருக்குலைத்தன. என் பேச்சில் குற்றமா, சம்பளத்தில் குறையா என்று தேடித் தேடி என்னையே வெறுக்கத் தொடங்கியிருந்தேன். ஆகவே தோழியின் யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். உங்கள் அம்மாவுக்குத் தெரிவதற்கு முன் அவருக்குத் தெரியட்டும். முடிவெடுத்துவிட்டீர்கள் என்றால் அதை முடிவாகவே சொல்லுங்கள். "கொஞ்ச நாள் பிரிந்திருந்து பார்ப்போம்" என்று நீங்கள் நம்பாத ஒன்றைச் சொன்னால், அவர் அதையே பிடித்துக்கொண்டு காத்திருப்பார். எப்போதிருந்து என்று கேட்பார். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

நீதிமன்ற வாசல்:
குடும்பநல நீதிமன்றத்தில் வழக்காடுபவள் என்ற முறையில் எழுதுகிறேன், சகோதரி. காதல் இல்லை என்பது மட்டும் நம் சட்டத்தில் விவாகரத்துக்குரிய காரணம் அல்ல. மீட்க முடியாதபடி முறிந்த மணவாழ்வு என்ற அடிப்படையில் அரசியலமைப்புச் சட்டத்தின் 142ஆவது பிரிவின்கீழ் மணமுறிவு வழங்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு என்று 2023இல் தீர்ப்பு வந்தாலும், குடும்பநல நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. அதனால்தான் சிலர் கொடுமைக் கதையை எழுதச் சொல்கிறார்கள். ஆனால் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 28ஆவது பிரிவின்படி, ஓராண்டு பிரிந்து வாழ்ந்த பின் இருவரும் சேர்ந்து மனுச் செய்தால், யார் மீதும் பழி எழுத வேண்டியதில்லை. ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதங்களுக்குள் இருவரும் மீண்டும் கோர வேண்டும். இதே ஏற்பாடு கொண்ட இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவைப் பொறுத்தவரை, அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அதுவும் பிரிந்து வாழ்வதே என்று 1991இலேயே விளக்கியிருக்கிறது. தீர்ப்பு வரும்வரை உங்கள் கணவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதை மறக்க வேண்டாம். பொய்க் குற்றச்சாட்டைப் படித்த மனிதர் எப்படிக் கையெழுத்திடுவார்?

செம்பருத்தி:
மகளே, ஒன்றை மட்டும் கேட்கிறேன். ஆலோசகரிடம் தனியாகப் போனீர்கள். உங்களுக்குள் நடந்தது உங்கள் கணவருக்குத் துளியும் தெரியாது. அவர் ஒருமுறை சேர்ந்து போகலாம் என்று கேட்டால், உண்மையிலேயே மனம் திறந்திருந்தால் மட்டும் போங்கள்; கடமைக்காகப் போய் உட்கார்ந்தால் அது அவருக்கு இன்னொரு ஏமாற்றம். பேசும் நாளில் அவருடைய நண்பர் எவராவது ஊரில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்றிரவு அவர் தனியாக இருக்கக் கூடாது.

காவிரிக்கரை:
மூவருக்கும் நன்றி. சேர்ந்து போகலாம் என்று அவர் கேட்டால் என் பதில் என்னவென்று நேற்று முழுவதும் யோசித்தேன், மறுப்பதுதான் உண்மை. அதையும் சொல்லிவிடுவேன். அவருடைய அண்ணன் ஞாயிறு வரை இங்கே இருப்பதால் சனிக்கிழமையே பேசுகிறேன். வேறு வழக்கறிஞரைப் பார்ப்பது அதன் பிறகுதான். முடிந்தால் கணவரையும் அழைத்துக்கொண்டு.