புதுப்பிப்பு: டர்போ எஞ்சினுக்கு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டியாயிற்று

என் நிசான் சில்வியா காரின் எஸ்ஆர்20 டர்போ எஞ்சினில், ரேடியேட்டரைக் குளிர்விக்கப் பெல்ட்டில் சுற்றும் ஃபேனைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் போடலாமா, எத்தனை சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

16 அங்குல ஒற்றை ஃபேன் வாங்கினேன். ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து காற்றை இழுக்கும் வகை. கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் முழு ஷ்ரவுடோடு (ரேடியேட்டர் முழுவதையும் மூடி, காற்றை ஃபேனுக்குத் திருப்பும் கூடு) கிடைத்தது. அந்த ஷ்ரவுட்தான் முக்கியம். அது இல்லாவிட்டால் ஃபேன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதிதான் நன்றாகக் குளிரும், மூலைகள் சும்மா கிடக்கும். பெட்டியில் அச்சடித்த சிஎஃப்எம்மை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது பெரும்பாலும் எதிரே தடையே இல்லாமல் அளந்தது. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், ஏசி கண்டென்சர், ரேடியேட்டர் என்று வரிசையாக நிற்கும் மூன்றையும் தாண்டி இழுக்கும்போது கணிசமாகக் குறையும். எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்றும் கேளுங்கள், பலமான மோட்டார் நிறைய மின்சாரம் கேட்கும்.

அப்புறம் வயரிங். 40 ஆம்பியர் ரிலே (சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), தனி ஃபியூஸ், தடித்த வயர். மோட்டார் சுற்றத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். வெப்பநிலை சுவிட்ச் 92 பாகை செல்சியஸில் ஃபேனைப் போட்டு 87இல் அணைக்கும். ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு திறக்கும் வெப்பநிலைக்குக் கீழே அதை வைத்தால் ஃபேன் நிற்கவே நிற்காது.

மாலை நெரிசலில் கொழும்பின் காலி வீதியில் (கால் ரோடு) ஏசியோடு ஊர்ந்தபோதும் வெப்பம் 95ஐத் தாண்டவில்லை, அவ்வளவு நிம்மதி! ஐட்லில் ஹெட்லைட், ஏசி, ஃபேன் மூன்றும் ஓடினால் மட்டும் வோல்டேஜ் கொஞ்சம் இறங்குகிறது. பெரிய ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தருவது) மாட்டியவர்கள் இருந்தால் எந்த மாடல் என்று சொல்லுங்கள்.