இழை: நியூக்ளியர் ரிசெப்டர், ஸெனோபயாடிக், என்சைம் இண்டக்‌ஷன் - தமிழில்?

> நியூக்ளியர் ரிசெப்டர் = அணுக்கரு ஏற்பி
> ஸெனோபயாடிக் = அயற்பொருள்
> என்சைம் இண்டக்‌ஷன் = நொதித் தூண்டல்

ஐயா, அணுக்கரு என்றதும் சென்னைக்காரர்களுக்குக் கல்பாக்கம்தான் நினைவுக்கு வரும். செல்லுக்குள் இருப்பதைப் பாடநூல் ‘உட்கரு’ என்கிறது. ‘உட்கரு ஏற்பி’ போதும்.

குழந்தை விழுங்கிய காசும் கண்ணில் விழுந்த தூசியும்கூட அயற்பொருள்தான். இங்கே பேச்சு, உடல் தானாகச் செய்யாத மருந்து, பூச்சிக்கொல்லி போன்றவற்றைப் பற்றி. ‘அயல்வேதி’ என்கிறேன்.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல். ‘தூண்டல்’ என்றால் இருக்கிற நொதி வேகமெடுப்பதாகப் படிப்பவர் நினைப்பார். நடப்பது வேறு. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், கல்லீரல் செல்லில் பி.எக்ஸ்.ஆர். என்ற உட்கரு ஏற்பிப் புரதத்தின் குழியில் போய்ப் பொருந்துகிறது. அந்த ஏற்பி ஆர்.எக்ஸ்.ஆர். என்ற இன்னோர் உட்கரு ஏற்பியுடன் ஜோடி சேர்ந்து டி.என்.ஏ.வில் அமர, மருந்துகளைச் சிதைக்கும் சி.ஒய்.பி. 3ஏ4 முதலிய நொதிகள் புதிதாக உற்பத்தியாகின்றன. புதுப்புரதம் சேரவேண்டும் என்பதால்தான் முழு விளைவு தெரிய ஒன்றிரண்டு வாரம் பிடிக்கிறது. மாத்திரையை நிறுத்தினாலும் அடங்க ஏறக்குறைய இரண்டு வாரம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு இது உயிர்ப்பிரச்சினை. ரிஃபாம்பிசின் சேர்ந்தால் பழைய அளவு போதாது, ரத்தம் கட்டிக்கொள்ளலாம். அதற்காகக் கூட்டிய அளவை, ரிஃபாம்பிசினை நிறுத்தியபின் குறைக்காமல் விட்டால் ரத்தக்கசிவு. கருத்தடை மாத்திரையும் பலிக்காமல் போகலாம். ஆகவே ‘நொதிப்பெருக்கம்’.

---

> ‘உட்கரு ஏற்பி’ போதும்.

பெருக்கம் சரி அம்மா, ஒப்புக்கொள்கிறேன். ஏற்பியில்தான் நெருடல். பி.எக்ஸ்.ஆரின் பங்காளியான சி.ஏ.ஆர். உட்கருவுக்கு வெளியே, செல்லின் சைட்டோபிளாசத்தில் காத்துக் கிடக்கிறது. அதை முடுக்கும் வலிப்பு மருந்தான ஃபினோபார்பிட்டால் அதில் ஒட்டுவதே இல்லை. செல்லின் மேற்பரப்பில் வளர்ச்சிச் சைகையை வாங்கும் ஈ.ஜி.எஃப். ஏற்பியைப் போய் மறிக்கிறது. அதன் விளைவாக சி.ஏ.ஆரின் 38ஆம் இடத்தில் உள்ள திரியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பாஸ்பேட் கழன்று, அது உட்கருவுக்குள் நுழைகிறது. ஏற்காத ஏற்பி! குடும்பப் பெயர் ‘உட்கரு ஏற்பி’யாகவே இருக்கட்டும், இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல ‘அயல்வேதி உணரி’ என்று வைக்கலாமா?

---

வைக்கலாம். உணரி ஏற்கெனவே சென்சருக்குப் புழங்குகிறது, வேலையும் அதுதான். இச்சொற்களுக்கு விளக்கம் பதியும்போது பி.எக்ஸ்.ஆருக்கு முன் ‘மனித’ என்ற அடைமொழியை மட்டும் விட்டுவிடாதீர்கள்: மனித பி.எக்ஸ்.ஆரை முடுக்கும் ரிஃபாம்பிசின், எலியின் பி.எக்ஸ்.ஆரைப் பெரிதாக அசைப்பதில்லை.