சின்ன விஷயத்துக்கே உடைந்து போகிறேன், தாங்குகிற பலம் எப்படி வரும்?

மடிப்பாக்கம்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்குப் போன வருடம் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் இன்னும் சரியாக வரவில்லை, எங்களோடுதான் இருக்கிறார். கணவருக்கு ஷிப்ட் வேலை. மகன் நாலாம் வகுப்பு.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த ராத்திரி நான் கலங்கவே இல்லை. கையெழுத்துப் போட்டது, பணம் புரட்டியது, டாக்டரிடம் பேசியது எல்லாம் நான்தான். இப்போது ஒன்றுமில்லாத விஷயத்துக்கு உடைந்து போகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலையில் மோட்டார் ஓடவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் அக்கா, "இன்னைக்கு வர முடியாதும்மா" என்று போன் செய்தார். அப்புறம் பையனின் டிபன் பாக்ஸ் மூடியைக் காணோம். அந்த மூடிக்காக சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். குக்கர் பாட்டுக்கு விசில் அடித்துக்கொண்டே இருந்தது. பையன் வந்து, "எனக்கு டிபனே வேணாம்மா, அழாதே" என்றான். அதை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் 21 நாள் சவாலில் சேர்ந்தேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து, யோகா, தியானம், டைரி. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்ததும் எல்லாம் நின்றுபோனது. "பாசிட்டிவா யோசி" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. உங்கள் வாழ்க்கையில் நிஜமாகவே நிலைத்து நின்ற சின்னப் பழக்கம் எது? பார்வையை மாற்றிக்கொள் என்கிறார்களே, அதை எப்படித்தான் செய்வது?

வேளச்சேரி ஜெராக்ஸ் எழுதியது:

தங்கச்சி, அந்த மூடி அன்றைக்கு மூன்றாவதாக வந்த பிரச்சினை. மோட்டாரையும் அக்கா வராததையும் அதற்கு முன்னாலேயே சமாளித்துவிட்டு நிற்கிறீர்கள். அந்த இரண்டையும் நீங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். வேளச்சேரியில் தாழ்வான ஒரு தெருவில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கவுண்டர் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் வந்தது. மெஷின்களும் கம்ப்யூட்டரும் போயின. தண்ணீர் வடிந்த பிறகு ஷட்டரைத் தூக்கினால், ஏ4 பேப்பர் கட்டுகள் ஊறி உப்பி, கவரைக் கிழித்துக்கொண்டு கிடந்தன. யாரோ விட்டுப்போயிருந்த பத்திர நகல்கள் சுவரோடு ஒட்டியிருந்தன. "நமக்குன்னு எழுதியிருக்கு" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒரு நினைப்பிலேயே மாசக்கணக்கில் கிடந்தேன். கடன் கொடுத்தவர்களைவிட அந்த நினைப்புதான் என்னை அதிகம் படுத்தியது.

பக்கத்துத் தையல்கடைப் பெரியவர் ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார்: "தம்பி, தண்ணி உன்னைத் தேடி வரலை. பள்ளத்தைத் தேடி வருது." அவர் சொன்னது உண்மை. இங்கே ஏரி எவ்வளவு சுருங்கிவிட்டது என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். பெய்கிற மழை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிற வழியில்தான் நாங்கள் எல்லாரும் கடை போட்டிருக்கிறோம். அன்றைக்குத்தான் எனக்கு வேறு மாதிரி யோசிக்க வந்தது. தலையெழுத்தை என்னால் தூக்கி வைக்க முடியாது. மெஷினைத் தூக்கி வைக்கலாம்.

அதிலிருந்து ஐப்பசி பிறப்பதற்கு முன்னாலேயே ஹாலோ பிளாக் அடுக்கி, மேலே பலகை போட்டு மெஷின்களை ஏற்றிவிடுவேன். தினமும் ஷட்டர் இறக்குவதற்கு முன் பிளக்கைக் கழற்றுவது, தரையில் கிடக்கும் பேப்பர் கட்டுகளைப் பரணில் போடுவது, கல்லாவில் இருக்கும் சின்ன நோட்டில் இரண்டு வரி எழுதுவது. முதல் வரி, இன்றைக்கு எது கெட்டது. இரண்டாவது வரி, அதற்காக நாளைக் காலையில் செய்ய வேண்டிய முதல் வேலை. ஒரே ஒரு வேலைதான் எழுதுவேன். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. ஆனால் எழுதிவிட்டால் படுக்கையில் தலைக்குள் அது சுற்றுவதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது திரும்பவும் கடைக்குள் தண்ணீர். மேஜையும் லேமினேஷன் மெஷினும் வீணாயின, மற்றதெல்லாம் பலகை மேல் பத்திரமாக இருந்தது. அழுகை அன்றைக்கும் வந்தது தங்கச்சி. ஆனால் கரண்ட் வந்த அன்றே கடை திறந்துவிட்டேன். வெள்ளத்தில் ரேஷன் கார்டு, ஆதார் நனைந்துபோனவர்கள் நகல் எடுக்க வரிசையில் நின்றார்கள்.

உங்கள் வீட்டுப் பள்ளம் எது என்று பாருங்கள். காலை ஆறரையிலிருந்து எட்டு வரை எல்லாம் ஒரே ஆளின் தலையில் வந்து விழுகிறது. இது உங்கள் மனபலக் குறைவு இல்லை. ராத்திரியே இரண்டு பக்கெட் தண்ணீர் பிடித்து வையுங்கள். மூடியோடு இன்னொரு டிபன் பாக்ஸ் வாங்குங்கள். அக்கா வராத நாளில் கூப்பிட வேறு இரண்டு பேர் நம்பரைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பாத்திரம் கழுவி முடித்ததும் என்னைப் போல இரண்டு வரி. காலை ஐந்து மணி யோகா இப்போதைக்கு வேண்டாம், தூங்குங்கள்.

உளவியல் டீச்சர் எழுதியது:

கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கிறேன். மேலே அண்ணன் சொன்னதோடு சில விஷயங்கள்.

21 நாள் என்பதைப் பிடித்துக்கொண்டு உங்களை நீங்களே தோற்றவராக நினைக்காதீர்கள். அந்த எண்ணைப் பிரபலப்படுத்தியவர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன். ஆபரேஷனுக்குப் பிறகு புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-ல் எழுதினார். பழக்கம் உருவாவதை அளந்து வந்த கணக்கு அல்ல அது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் அளவுக்குப் பழக நடுவாந்திரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த வாரம் உங்கள் முயற்சியை அழித்துவிடவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

ஏற்கெனவே தினமும் செய்கிற ஒன்றோடு புதுப் பழக்கத்தைக் கட்டுங்கள். "பாத்திரம் கழுவியதும் நோட்டு" என்பது நிற்கும், "நேரம் கிடைக்கும்போது நோட்டு" என்பது நிற்காது.

"பாசிட்டிவா யோசி" என்றதும் கோபம் வருவது நியாயம்தான், அந்த வார்த்தையை உங்கள் மனசு நம்பவில்லை. பார்வையை மாற்றுவது என்றால் நீங்கள் நம்பக்கூடிய வேறொரு விளக்கத்தைத் தேடுவது. தையல்கடைப் பெரியவர் செய்தது அதுதான். பதற்றம் ஏறும்போது உங்கள் பெயரைச் சொல்லி, தங்கையிடம் பேசுவது போல உங்களிடமே பேசிப் பாருங்கள். நாம் நமக்குச் சொல்லாத ஆறுதலைத் தங்கைக்குச் சொல்வோம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை நிற்காமல் இருந்தாலோ, தூக்கமும் பசியும் போனாலோ டாக்டரைப் பாருங்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் இலவச எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

மடிப்பாக்கம்காரி எழுதியது:

அண்ணா, மேடம், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. "வீட்டுப் பள்ளம்" என்று படித்ததும் பேப்பரை எடுத்துக் காலை வேலைகளை எழுதினேன். அதில் பாதி வேலையைப் பையனோ கணவரோ முந்தின ராத்திரியே செய்துவிடலாம். டிபன் பாக்ஸ் வாங்கியாச்சு. தூக்கமும் பசியும் பரவாயில்லை மேடம், அந்த நம்பரைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

எனக்கு இன்னும் பயமாக இருப்பது சனிக்கிழமைதான். அம்மாவைப் பிசியோதெரபிக்கு ஆட்டோவில் கூட்டிப் போக வேண்டும். மெட்ரோ வேலைக்காக எங்கள் மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு குலுக்கலுக்கும் அம்மா வலியில் முனகுகிறார். திரும்பி வந்தால் நாள் முழுக்க எனக்கு எதுவும் ஓடாது.

புழுதிவாக்கம் மருமகள் எழுதியது:

அக்கா, என் மாமனாருக்கும் இதே பக்கவாதம்தான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம், காசு கிடையாது. உங்கள் ஏரியா நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார் இரண்டுக்கும் நகல் எடுத்துப் போனால் அலைச்சல் மிச்சம். வரும்போது கூடவே நின்று பயிற்சிகளைப் பாருங்கள். மற்ற நாட்களில் கை விரல் பயிற்சியை உங்கள் பையனே பாட்டிக்குச் செய்துவிடலாம். எங்கள் வீட்டில் என் மகள்தான் தாத்தாவுக்குச் செய்கிறாள்.

கூடப் பிறந்தவர்கள் யாராவது இருந்தால் பணம் கேட்காதீர்கள், நேரம் கேளுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று நாளைக் குறித்துக் கேளுங்கள். "எப்பவாவது வா" என்றால் யாரும் வரமாட்டார்கள்.

மடிப்பாக்கம்காரி எழுதியது:

தம்பி பெரம்பூரில் இருக்கிறான். இப்போதே போன் போட்டுக் கேட்டேன், இரண்டாவது ஞாயிறு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். சுகாதார நிலையத்துக்குத் திங்கட்கிழமை ஆபீஸ் போகிற வழியில் போகிறேன். அங்கே என்ன சொன்னார்கள் என்று வந்து எழுதுகிறேன்.