கை கழுவாத ஓசிடி: தெரபிஸ்டுகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி:
புதிய தெரபிஸ்டுகளுக்கு ஓசிடி (வேண்டாத எண்ணங்கள் விடாமல் வந்து, அவற்றைத் தணிக்கச் சில செயல்களைச் சடங்குபோலத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய்) பற்றிய பயிற்சித் திட்டம் தயாரிக்கிறேன். கை கழுவுதல், பூட்டைச் சரிபார்த்தல் எல்லாம் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். ‘குழந்தையைக் குத்திவிடுவேனோ’, ‘துணைமேல் எனக்கு உண்மையிலேயே அன்பு இருக்கிறதா’, ‘மூச்சு விடுவதையே கவனித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று ஒருவர் வந்தால் தடுமாறுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் சடங்கே இல்லாதபோது எதைத் தடுப்பது? வகைக்கு ஒரு வகுப்பு வைக்கவா?

பதில் 1:
வேண்டாம், அதற்கு முடிவே இருக்காது. மனச்சடங்கை, அதாவது பதற்றத்தைத் தணிக்க மனதுக்குள்ளேயே செய்வதை, கண்டுபிடிக்கும் காதைப் பழக்குங்கள். ‘சடங்கு இல்லாத ஓசிடி’ என்று எழுதிவைப்பதில் பெரும்பாலானவை சரியாக விசாரிக்காதவைதான்.

“ஏதாவது திரும்பத் திரும்பச் செய்கிறீர்களா?” என்றால் “இல்லை” என்றுதான் பதில் வரும். “கடைசியாக அந்த எண்ணம் எப்போது வந்தது? அடுத்த பத்து விநாடியில் மனதுக்குள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்கச் சொல்லுங்கள். நடந்ததை மறுபடி ஓட்டிப் பார்த்தது, நல்ல எண்ணத்தால் கெட்டதை அழித்தது, அன்பு இருக்கிறதா என்று உள்ளே சோதித்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். தடுக்க வேண்டியது இவற்றைத்தான், எண்ணத்தை அல்ல. எண்ணத்தை அடக்கச் சொன்னால் அது இன்னும் அதிகமாக வரும்.

ரோல் பிளேயில் நோயாளியாக நடிப்பவருக்கு ஒரு மனச்சடங்கைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். நேராகக் கேட்டால் ஒழிய அவர் சொல்லக் கூடாது.

ஒய்-பாக்ஸில் (ஓசிடியின் தீவிரத்தை அளக்கும் அளவுகோல்) 10 கேள்விக்கு 0–40 மதிப்பெண் போட்டதோடு நிறுத்தக் கூடாது. அறிகுறிப் பட்டியலையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். வன்முறை, பாலியல், மத எண்ணங்கள் அச்சிலேயே இருப்பதைக் கேட்ட பிறகுதான் பலர் வாய் திறப்பார்கள்.

பதில் 2:
முகத்தையும் பழக்க வேண்டும். குழந்தை பற்றிய எண்ணத்தைக் கேட்டதும் தெரபிஸ்ட் முகம் மாறினால், நோயாளி அதோடு அடுத்த எண்ணத்தைச் சொல்ல மாட்டார்.

இன்னொரு பக்கம், “நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை” என்று தேற்றுவதும் தவறு. இதே மாதிரி எண்ணங்கள் நோயில்லாதவர்களுக்கும் வருகின்றன என்று ராக்மன், டி சில்வா என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1978-இல் காட்டினார்கள். அதை ஒருமுறை சொன்னால் தகவல். கேட்கும்போதெல்லாம் சொன்னால் தெரபிஸ்டே சடங்கின் பாகமாகிவிடுவார்.

ஆபத்து மதிப்பீடு கட்டாயம். எண்ணம் அவரை நடுங்கவைக்கிறதா? கத்தியைக் கண்டு விலகுகிறாரா? ஆசையோ திட்டமோ இருக்கிறதா? தொடக்கத்திலேயே ஒழுங்காகக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். புதிய காரணம் எதுவும் இல்லாமல் ஒவ்வொரு அமர்விலும் கேட்டால், ‘இவருக்கும் என்மேல் சந்தேகம்’ என்றே அவர் புரிந்துகொள்வார்.

கேட்டவர்:
நன்றி. கற்பனை எக்ஸ்போஷருக்கு (பயப்படும் காட்சியை மனதில் கொண்டுவந்து, விலகாமல் எதிர்கொள்ளும் பயிற்சி) நோயாளிகளை எழுதவைக்கும் வரிகள் எடுபடவில்லை. எங்கே தவறு?

பதில் 1:
கடைசி வரியைப் பாருங்கள். ‘ஆனால் நான் அப்படிச் செய்ய மாட்டேன்’ என்று முடிந்திருக்கும்! அதை அடித்துவிடுங்கள். தன்மையில், நிகழ்காலத்தில், நிச்சயமின்மையோடு முடியட்டும்: ‘கத்தி என் கையில் இருக்கிறது. செய்வேனா மாட்டேனா என்று எனக்கு ஒருபோதும் உறுதியாகத் தெரியாமலே போகலாம்.’ போனில் பதிவு செய்து தினமும் கேட்கச் சொல்லுங்கள். கேட்கும்போதே உள்ளுக்குள் பிரார்த்தனை ஓடினால் பயனில்லை. ஓடிவிட்டால், உடனே அந்தக் கடைசி வரியை மறுபடி சொல்லி, கிடைத்த நிம்மதியைக் கலைக்க வேண்டும்.

மூச்சைக் கவனிப்பவருக்குக் கவனத்தைத் திருப்பும் உத்திதான் சடங்கு. அவரை வேண்டுமென்றே மூச்சைக் கவனிக்கச் சொல்லி, அந்தக் கவனத்தோடே அன்றாட வேலையைச் செய்யவிடுங்கள்.