அம்மாவுக்கு நீலம், மனைவிக்குச் சாம்பல், சுவருக்கு உப்பு

சிப்புட் தம்பி:
வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீடு. 1984-ல் அப்பா 55 வயது முடிந்து தோட்டத்தை விட்டு வந்தபோது, சேமநிதிப் பணத்தில் வாங்கியது. இடுப்பு உயரம் வரை கல், மேலே பலகை, தகரக் கூரை. இந்தத் தீபாவளிக்குள் உள்ளே முழுக்கச் சாயம் அடிக்க வேண்டும்.

ஹாலுக்கு வெளிர் சாம்பல் வேண்டும் என்கிறார் மனைவி. கைபேசியில் ஒரு படம் வைத்திருக்கிறார் (அந்த வீட்டில் சுவரைவிடக் கண்ணாடிதான் அதிகம்). அம்மாவுக்குத் தன் அறை நீலமாகத்தான் இருக்க வேண்டும். தோட்டத்து லயத்து வீட்டில் சுண்ணாம்போடு துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்து அடிப்பார்களே, அந்த நீலம். கடையில் காட்டிய நான்கையும் "வெளுத்துப் போயிருக்கு" என்று தள்ளிவிட்டார்.

இன்னொரு தலைவலி, ஹால் சுவர். முழங்கால் உயரத்துக்குச் சாயம் அப்பளம் மாதிரி பொரிந்து நிற்கிறது. இருபது காசை வைத்துச் சுரண்டினேன். மேலே ரோஸ், அது அக்கா கல்யாணத்துக்கு அடித்தது. கீழே கிரீம், அதற்கும் கீழே பச்சை. அப்புறம் விரலில் ஒட்டும் வெள்ளைத் தூள். போன வருஷம் ஒருவர் வந்து ஒரு மூலையில் மட்டும் சிமெண்ட் பூசி 400 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிப் போனார். இப்போது அந்த மூலையில் பொரிவு சிமெண்டுக்கு மேலே ஏறிவிட்டது.

நானே அடிக்கலாமா? மனைவி ஐந்து மாதம்.

பூச்சுக்கார அண்ணன்:
தம்பி, நிறத்தை இப்போதைக்கு விடுங்கள். அந்த வெள்ளைத் தூள் உப்பு. மண்ணிலிருந்து ஈரம் கல்லுக்குள் ஏறி, காயும்போது உப்பை வெளியே தள்ளுகிறது. சிமெண்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். உங்கள் மூலையில் நடந்தது அதுதான்.

உறுதி செய்ய, இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் தண்ணீர் கோத்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளியே போய்ப் பாருங்கள். மண்ணோ பூச்செடிப் பாத்தியோ வீட்டுத் தரையைவிட உயரமாக இருக்கும். பத்து வீட்டில் ஏழு வீடு அப்படித்தான். அதை வெட்டி இறக்கி, கூரைத் தண்ணீரைக் கால்வாய்க்குத் திருப்புங்கள். புதுப் பூச்சு பூசினால் 28 நாள் காயட்டும், பிறகு சிமெண்டின் காரம் தாங்கும் சீலர் (அடிப்பூச்சு), அதற்கு மேல் சாயம். அக்டோபர், நவம்பரில் நம் பக்கம் மழை கொட்டும். ஆகஸ்ட் முடியப் போகிறது, தள்ளிப் போடாதீர்கள்.

பத்துக்குப் பத்து அறைக்கு, இரண்டு தடவை அடிக்க, 5 லிட்டர் டின் ஒன்று போதும். நீங்களே அடிக்கலாம். ஆனால் கதவு, சன்னலில் இருக்கும் பழைய எண்ணெய்ச் சாயத்தைக் காய்ந்தபடி தேய்க்கவே கூடாது. அந்தக் காலச் சாயத்தில் ஈயம் இருக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடையுங்கள். அந்த நாட்களில் வீட்டுக்காரம்மா அவர் அம்மா வீட்டில் இருக்கட்டும். சிலிங் பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடென்றால் தேய்க்கவும் வேண்டாம், துளை போடவும் வேண்டாம்.

குசினி அக்கா:
உங்கள் அம்மாவுக்குக் கண்புரை இருக்கிறதா? வயதாக ஆகக் கண் லென்ஸ் மஞ்சளாகும், நீலம் மங்கித்தான் தெரியும். என் மாமியாரும் இதே கதைதான், நாங்கள் பிடிவாதம் என்று திட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு படி அழுத்தமான நீலமாகக் கொடுங்கள். கதவு நிலையை மட்டும் வெள்ளையாக விடுங்கள், இராத்திரி எழுந்தால் வழி தெரியும்.

சாம்பலைப் பற்றி ஒன்று. வாசலில் மரம் இருக்கிறதா? இலையில் பட்டு வரும் வெளிச்சத்தில் எங்கள் சாம்பல் பாசி நிறமாகிவிட்டது. மணிலா அட்டையில் அடித்து, காலையில், நாலு மணி வெயிலில், டியூப் லைட்டில் என்று மூன்று தடவை பாருங்கள். கடைச் சீட்டில் பார்ப்பதைவிடச் சுவரில் நிறம் தூக்கலாக வரும்.

சிப்புட் தம்பி:
அண்ணே, தாளுக்குப் பின்னால் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. வெளியே அம்மாவின் கற்பூரவல்லிப் பாத்தி தரையைவிட அரையடி உயரம். நேற்று வெட்டி இறக்கினேன், செடியெல்லாம் பால் டின்னுக்குப் போய்விட்டது. அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

அக்கா, வாசலில் ரம்புத்தான் மரம். சாம்பல் அட்டையை மனைவியே காலையில் பார்த்துவிட்டு, "வேணாங்க, கிரீமே அடிங்க" என்றார். கண்புரைக்கு ஈப்போவில் தேதி வாங்கியிருக்கிறோம், அதுவரை அம்மா அறையைத் தொடப் போவதில்லை. நீல அட்டை மூன்று குசினியில் அரிசி டின்மேல் சாய்ந்து நிற்கிறது. எதையாவது எடுக்கப் போனால், "அங்கேயே இருக்கட்டும், சாயங்கால வெளிச்சத்தில இன்னும் பார்க்கல" என்று அம்மா மனைவியிடம் சொல்லி அனுப்புகிறார்.