ரா ஃபைல் கம்ப்யூட்டரில் திறந்ததும் வெளிறிவிடுகிறது: மெனுவில் எதை மாற்ற வேண்டும்?

கேள்வி

மிரர்லெஸ் கேமரா, ராவில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) மட்டும் எடுப்பது. கேமரா திரையில் நிறமும் கான்ட்ராஸ்ட்டும் சரியாக இருக்கின்றன. கம்ப்யூட்டரில் திறந்தால் முதல் ஒரு விநாடி அதே படம் தெரிகிறது, பிறகு கண் எதிரிலேயே வெளிறிவிடுகிறது. பிக்சர் ஸ்டைலை (நிறத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் தீர்மானிக்கும் கேமரா செட்டிங்) விவிட், லேண்ட்ஸ்கேப் என்று மாற்றிப் பார்த்தாயிற்று, பலன் இல்லை. இன்னொன்று: சில படங்கள் மட்டும் ஏறத்தாழ ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சம்) இருட்டாகத் திறக்கின்றன. கேமரா திரையில் அவை இருட்டாக இல்லை. ஷூட்டிங் மெனுவில் பக்கம் பக்கமாக செட்டிங் கிடக்கிறது. அவற்றில் எவை ரா ஃபைலைத் தொடும், எவை தொடாது? கேமரா கம்பெனியின் சாஃப்ட்வேரைப் போட்டால் இது தீருமா?

பதில் 1

அந்த ஒரு விநாடியில்தான் விடை இருக்கிறது. ரா ஃபைலுக்குள் கேமரா ஒரு ஜேபெக்கையும் பொதிந்து வைக்கும். கேமரா திரையில் நீங்கள் பார்ப்பது அந்த ஜேபெக்தான், ரா அல்ல. கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரும் அவசரத்துக்கு முதலில் அதையே எடுத்துக் காட்டும். பின்னால் சென்சார் டேட்டாவைத் தன் கணக்குப்படி டெவலப் செய்து அதே இடத்தில் வைத்துவிடும். படம் கெடவில்லை, டெவலப் செய்யும் கை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

பிக்சர் ஸ்டைல், ஷார்ப்னெஸ், சாச்சுரேஷன், ஒயிட் பேலன்ஸ், கலர் ஸ்பேஸ் இவையெல்லாம் ராவில் வெறும் குறிப்புகள். ஒயிட் பேலன்ஸ் குறிப்பை எல்லா சாஃப்ட்வேரும் படிக்கும். பிக்சர் ஸ்டைலைப் பெரும்பாலானவை கண்டுகொள்ளாது. அதனால்தான் விவிட் வைத்தாலும் வித்தியாசம் இல்லை.

அடோபியின் லைட்ரூம் கிளாசிக்கில் திறக்கிறீர்கள் என்றால் பிரிஃபரன்சஸ் போய், பிரீசெட்ஸ் பக்கத்தில் ரா டீஃபால்ட்ஸ் என்ற இடத்தில் ‘கேமரா செட்டிங்ஸ்’ என்று மாற்றுங்கள். உங்கள் மாடலுக்கு அடோபி புரொஃபைல் செய்திருந்தால் கேமராவில் வைத்த ஸ்டைலுக்கு நெருக்கமாகத் திறக்கும். இனி இம்போர்ட் செய்யும் படங்களுக்குத்தான் இது தானாக வரும். ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றுக்கு டெவலப்பில் ரீசெட் அழுத்த வேண்டும். அதில் நீங்கள் செய்த திருத்தமெல்லாம் போய்விடும் என்பதால் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழுத்திவிடாதீர்கள். ராதெரபி என்ற ரா சாஃப்ட்வேரில் ‘ஆட்டோ மேட்ச்டு கர்வ்’ என்ற புரொஃபைல் உள்ளே பொதிந்த ஜேபெக்கைப் பார்த்தே டோன் கர்வைப் (எந்த அளவு வெளிச்சத்தை எவ்வளவு ஏற்றி இறக்குவது என்ற கோடு) போட்டுக்கொள்ளும்.

பதில் 2

மேலே சொன்னது உங்கள் முதல் சிக்கலுக்குச் சரி. ஆனால் ‘மெனு எதுவும் ராவைத் தொடாது’ என்று எடுத்துக்கொண்டால் இரண்டாவது சிக்கலில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு ஸ்டாப் இருட்டு என்றதுமே சந்தேகம் ஹைலைட்டைக் (படத்தின் மிகப் பிரகாசமான பகுதி) காப்பாற்றும் செட்டிங் மேல்தான் போக வேண்டும். கேனனில் ஹைலைட் டோன் பிரையாரிட்டி, ஃபியூஜிஃபிலிமில் டைனமிக் ரேஞ்ச், நிகானில் ஆக்டிவ் டி-லைட்டிங். பெயர் வேறு, உத்தி ஏறத்தாழ ஒன்று: வானம் வெந்து போகாமல் இருக்கச் சென்சாரில் வேண்டுமென்றே குறைவாகப் பதிவு செய்து, ஜேபெக் செய்யும்போது நிழலையும் நடு டோனையும் கர்வ் போட்டுத் தூக்கிவிடுவது. திரையில் பார்ப்பது தூக்கிய படம். ராவில் இருப்பது தூக்காதது. ‘இதைத் தூக்கு’ என்ற குறிப்பை சில சாஃப்ட்வேர் படிக்கும், சில படிக்காது.

அடையாளம் ஐஎஸ்ஓவில் இருக்கும். கேனனில் இது ஆனில் இருந்தால் ஐஎஸ்ஓ 100 பட்டியலிலேயே வராது, 200இல் தொடங்கும், திரையில் டி+ என்று தெரியும். ஃபியூஜியில் அடிப்படை ஐஎஸ்ஓ 200 உள்ள மாடல் என்றால் டிஆர்200க்குக் (டைனமிக் ரேஞ்ச் 200) குறைந்தது 400, டிஆர்400க்கு 800 வேண்டும். அடிப்படை 160 என்றால் 320, 640. நல்ல வெயிலில் எடுத்த படம் காரணமில்லாமல் இந்த எண்களில் நின்றால் அதுதான் விஷயம். டைனமிக் ரேஞ்ச் ‘ஆட்டோ’வில் இருந்தால் காட்சிக்குத் தக்கபடி கேமராவே மாற்றிக்கொள்ளும். சில படங்கள் மட்டும் இருட்டாவது அப்படித்தான்.

சோதிக்க வேண்டுமானால் டிரைபாடில் வைத்து எம் மோடில் (எல்லாம் நீங்களே வைப்பது) ஐஎஸ்ஓ, அபெர்ச்சர், ஷட்டர் மூன்றையும் பூட்டி, செட்டிங்கை ஆஃபில் ஒன்று, ஆனில் ஒன்று எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பாருங்கள். டி-லைட்டிங்குக்கு மட்டும் ஏ மோடில் (அபெர்ச்சரை நீங்கள் வைக்க, ஷட்டரைக் கேமரா வைப்பது) எடுங்கள். அங்கே ஷட்டர் எண் மாறுகிறதா என்று பார்த்தால் போதும்.

ராவைத் தொடும் மற்றவை:

- லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன். 30 விநாடி எடுத்தால் ஷட்டரை மூடி இன்னொரு 30 விநாடி கறுப்புப் படம் எடுத்து, அதை ராவிலிருந்தே கழிக்கும். நட்சத்திரத் தடம் எடுக்கும்போது ஆஃப் செய்யாவிட்டால் கோட்டில் இடைவெளி விழும். (ஹை ஐஎஸ்ஓ நாய்ஸ் ரிடக்‌ஷன் வேறு, அது ஜேபெக் வேலை. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.)
- ரா கம்ப்ரஷன், 12 பிட்டா 14 பிட்டா (வெளிச்சத்தை எத்தனை படிகளாகப் பிரித்துப் பதிவது) என்பது. சில கேமராக்கள் எலக்ட்ரானிக் ஷட்டருக்கோ அதிவேகத் தொடர் படத்துக்கோ மாறினால் சொல்லாமலே 12 பிட்டுக்கு இறங்கிவிடும்.

கேட்டவர்

இருட்டுப் படங்கள் எல்லாமே ஐஎஸ்ஓ 400, வெயிலில் எடுத்தவைகூட. டைனமிக் ரேஞ்ச் ஆட்டோவில்தான் இருந்தது, 100க்கு மாற்றியாயிற்று. இப்போது கம்பெனி சாஃப்ட்வேர் விஷயம். கூடவே, திரையில் தெரிவது ஜேபெக் என்றால் ஹிஸ்டோகிராமை (படத்தில் இருட்டு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) நம்பலாமா?

பதில் 3

சாஃப்ட்வேர் பற்றி மட்டும் சொல்கிறேன். கேனனுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனல், நிகானுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ் டெஸ்க்டாப், எல்லாம் இலவசம். கேமராவின் குறிப்புகளை முழுசாகப் படிப்பவை இவைதான். திரையில் பார்த்த நிறம் அப்படியே கிடைக்கும், எடுத்த பிறகு பிக்சர் ஸ்டைலையும் மாற்றலாம். வேகத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

ஃபியூஜியின் எக்ஸ் ரா ஸ்டூடியோ தனி ரகம். கணக்குப் போடுவது கம்ப்யூட்டர் அல்ல, கேபிளில் இணைத்த கேமராவின் பிராசசர். கனெக்‌ஷன் செட்டிங்கில் யுஎஸ்பி ரா கன்வர்ஷன் என்ற மோடைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் கேபிளைச் செருக வேண்டும். படத்தை எடுத்த அதே மாடல் இருந்தால்தான் அந்த ஃபைலை மாற்ற முடியும். கேமராவை விற்றுவிட்டால் பழைய ஃபைல்களுக்கு இந்த வழி அடைபட்டுவிடும். பேட்டரி நிரம்பியிருக்கட்டும்.

திருத்தம் எங்கே சேமிக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள், அடிவாங்குவது இங்கேதான். கேனன் சாஃப்ட்வேர் அதை ரா ஃபைலுக்குள்ளேயே எழுதும். நிகானுடையது படங்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் ‘என்கேஎஸ்சி_பாரம்’ என்று ஒரு துணை ஃபோல்டர் போட்டு அதில் வைக்கும். படத்தை மட்டும் வேறு டிஸ்க்குக்கு நகர்த்தினால் திருத்தம் எல்லாம் பின்தங்கிவிடும்.

நிறத்தைக் கம்பெனி சாஃப்ட்வேரில் எடுத்து, மற்ற வேலையை வேறொன்றில் முடிக்க விரும்பினால் 16 பிட் டிஃப்பாக (தரம் குறையாத பட ஃபைல்) வெளியே எடுங்கள். கம்ப்ரஷன் இல்லாத 24 மெகாபிக்சல் படம் ஒன்று 144 எம்பி வரும், டிஸ்க்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 4

ஹிஸ்டோகிராமை நம்பலாம், ஜேபெக்கின் ஹிஸ்டோகிராம் என்ற அளவில். விவிட்டில் வைத்தால் ராவில் இன்னும் இடம் இருக்கும்போதே வலது ஓரம் முட்டி ஹைலைட் சிமிட்டும். நீங்கள் பயந்து எக்ஸ்போஷரைக் குறைப்பீர்கள், நிழலில் நாய்ஸ் ஏறும். ராவில் மட்டும் எடுப்பவர் நியூட்ரல் அல்லது அது போன்ற சாந்தமான ஸ்டைலை வைத்து, கான்ட்ராஸ்ட்டை ஓரிரு படி இறக்குவது நல்லது. திரையில் படம் சப்பென்று தெரியும், பரவாயில்லை, ஹிஸ்டோகிராம் ராவுக்கு நெருங்கி வரும். செக்கச்சிவந்த பூவுக்கு ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமையே (சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டுவது) பாருங்கள். பிரைட்னெஸ் ஹிஸ்டோகிராமில் சிவப்பு மட்டும் வழிந்து போவது தெரியாது.

கலர் ஸ்பேஸை அடோபி ஆர்ஜிபிக்கு மாற்றினால் ஃபைல் பெயரின் முதல் எழுத்து அடிக்கோடாகிவிடும். ஃபைல் கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம், அது கேமராக்களுக்கான பொதுப் பெயரிடு விதி.

திரை வெளிச்சத்தை ஆட்டோவில் விடாமல் நடுவில் நிறுத்துங்கள். இருட்டில் பிரகாசமான திரை எந்தப் படத்தையும் வெளிச்சமாகக் காட்டும்.

இத்தனையையும் சரி செய்தபின் கஸ்டம் மோடில், அதாவது சி1 அல்லது யு1இல், பதிவு செய்துவிடுங்கள். பல கேமராக்களில் சி1இல் இருந்துகொண்டு செய்த மாற்றம் கேமராவை அணைத்ததும் பழையபடி திரும்பிவிடும். மீண்டும் ‘ரெஜிஸ்டர்’ கொடுத்தால்தான் நிலைக்கும். சிலவற்றில் ‘ஆட்டோ அப்டேட்’ என்று ஒரு வரி இருக்கும். அதை ஆஃபிலேயே விடுங்கள், இல்லாவிட்டால் அவசரத்தில் ஒரு படத்துக்காகத் திருப்பிய ஐஎஸ்ஓகூட அதில் பதிவாகிவிடும். டைனமிக் ரேஞ்சை 100க்கு மாற்றியதாகச் சொன்னீர்களே, அதைக் கஸ்டம் மோடு ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றில் மாற்றினால் மற்றதில் மாறாது.