மன அழுத்த மாத்திரையும் பகல் தூக்கமும்: நேரம் மாற்றியவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். எஸ்சிடலோபிராம் 10 மி.கி., காலைச் சாப்பாட்டுக்குப் பின், இது 5-வது வாரம். குமட்டல் 2 வாரத்தில் அடங்கிவிட்டது, அசதிதான் போகவில்லை. 11 மணிக்கே கண் சொருகுகிறது, ஓயாத கொட்டாவி வேறு. இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். மாற்றியவர்களே, ஒரே நாளில் மாற்றினீர்களா, சில மணி நேரமாகத் தள்ளித் தள்ளியா? இதே மாத்திரை சிலரை இரவில் விழிக்க வைக்கும் என்பதால்தான் தயக்கம்.

சோடியம், தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்தாயிற்று, சரியாக இருக்கின்றன. (சோடியம் குறைந்தாலும் அசதி வரும், தலைவலி, குழப்பத்தோடு, வயதானவர்கள் கவனிக்கவும்.) அலர்ஜிக்கான செட்டிரிசினையும் டாக்டரிடம் சொல்லி நிறுத்தியாயிற்று, அதுவும் தூக்கம் வரவைக்கும்.

"மாத்திரையை விட்டுடுங்க" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். திடீரென விட்டால் தலைசுற்றும், மண்டைக்குள் ஷாக் அடிப்பதுபோல் இருக்கும்.